நியூயார்க் சேரிகளை எழுதிய ஜேக்கப் ரீஸ்: பரிவும் இழிவும்

கேள்வி:
நியூயார்க்கின் மல்பெரி தெருவையும் அதைச் சுற்றிய சேரிகளையும் பற்றிப் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் 1890-இல் வெளியிட்ட நூலை அண்மையில் வாசித்தேன். காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளுக்கு வாடகை கறந்த வீட்டுக்காரர்கள் மீது அவருக்கிருந்த சினம் உண்மையானது. ஆனால் அதே நூலில் யூதர்களைப் பணத்தையே தெய்வமாகக் கொண்டவர்களாகவும் சீனர்களை வஞ்சகர்களாகவும் சித்திரிக்கிறார். தாமே 1870-இல் டென்மார்க்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, படுக்க இடமின்றி அலைந்தவர் இவ்வாறு எழுதியதை எப்படிப் புரிந்துகொள்வது?

மறுமொழி 1:
ரீஸ் 1877 முதல் காவல்துறைச் செய்தியாளராக இருந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. கொலை, திருட்டு, தீ விபத்து ஆகியவற்றைத் தேடிச் சென்ற வழியில்தான் அந்த மக்களை அவர் அறிந்தார். இரவில் காவலர்களோடும் சுகாதார அலுவலர்களோடும் உள்ளே நுழைபவரிடம் யார் மனம்விட்டுப் பேசியிருப்பார்கள்? இத்தாலியர், சீனர், யூதர், போஹீமியர் (இன்றைய செக் நாட்டுப் பகுதியினர்) என அத்தியாயம் பிரித்து, இனத்துக்கொரு குணம் கற்பிப்பது அக்காலப் பத்திரிகைகளின் வழக்கமும்கூட. ஆனால் கறுப்பினத்தவரிடம் வீட்டுக்காரர்கள் கூடுதல் வாடகை வாங்கியதைக் கணக்கோடு எழுதியவரும் இவரே.

மறுமொழி 2:
எழுத்தைவிடப் படங்களே என்னை உறுத்துகின்றன. 1887-இல் ஜெர்மனியில் மக்னீசியப் பொடியைக் கொளுத்திப் படமெடுக்கும் முறை வந்த செய்தியைப் படித்ததும், அதைக் கொண்டு இருட்டறைகளைப் படம்பிடிக்கக் கிளம்பினார். பேயார்டு தெருவில், ஓர் இடத்துக்கு ஐந்து சென்ட் என்று கொடுத்துவிட்டு நெருக்கியடித்துப் படுத்திருந்தவர்கள், கண்கூச விழித்துப் பார்க்கும் அந்தப் படத்துக்கு யார் இசைவு தந்திருப்பார்கள்? (அந்தப் பொடியால் இருமுறை வீட்டுக்கே தீவைத்துவிட்டதாக அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்!) எனினும் மல்பெரி வளைவுச் சேரி இடிக்கப்பட்டு 1897-இல் பூங்காவானதிலும், 1901-இன் வாடகைக் குடியிருப்புச் சட்டத்திலும் அவருடைய பங்கை மறுப்பதற்கில்லை.

மறுமொழி 3:
அதே மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1882-இல் ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய யூதரான ஆப்ரகாம் காஹான், தாம் ஆசிரியராக இருந்த இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) நாளேட்டில் 1906-இல் வாசகர் கடிதப் பகுதி ஒன்றைத் தொடங்கினார். விட்டுவிட்டுப் போன கணவன், வேலையிடத் தொல்லை, மதத்தைக் கைவிட்ட பிள்ளை என வீட்டுச் சிக்கல்களோடு அவர்கள் அதில் பேசுகிறார்கள். அக்கடிதங்கள் ஆங்கிலத்தில் நூலாகவே கிடைக்கின்றன. ரீஸின் யூதர் அத்தியாயத்தை முடித்த கையோடு பத்துக் கடிதங்களையாவது வாசித்துப் பாருங்கள்.