மறு: பிளகின் ‘ராப்பர்’ – உறையா, தூதா?

அனைவருக்கும் வணக்கம்.

‘பிளகின்’ (உலாவிக்குள் செருகப்படும் துணை நிரல்), ‘ராப்பர்’ (அந்தத் துணை நிரலை உலாவியோடு இணைத்து வைக்கும் நிரல்) ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். லினக்ஸ் கையேட்டில் ஓர் அத்தியாயம் என் பங்குக்கு வந்துவிட்டதால் இப்போது வாயைத் திறக்கிறேன். 64-பிட் லினக்ஸில் உலாவிக்குள் வீடியோவை ஓட வைப்பது பற்றிய பழைய அத்தியாயம் அது. உலாவியில் வீடியோ ஓட்டிய அடோபியின் ஃபிளாஷ் பிளகின் 2020 டிசம்பர் 31-உடன் போய்ச் சேர்ந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தச் சொற்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஃபயர்ஃபாக்ஸில் துணைநிரல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வீடியோவைக் கையாளும் ஓப்பன்எச்264, வைட்வைன் இரண்டும் இன்றும் பிளகின் என்ற தலைப்பின்கீழ்தான் உட்கார்ந்திருக்கின்றன.

> பிளகினுக்குச் ‘சொருகி’ சுருக்கமாக இருக்கிறது. ஏன் ‘செருகுநிரல்’ என்று இழுக்க வேண்டும்?

சுருக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘சொருகி நிறுவவும்’ என்று ஒரு பொத்தானில் எழுதிப் பாருங்கள். எதையோ சொருகி, அப்புறம் நிறுவச் சொல்வதாகப் படும். பெயர்ச்சொல்லும் வினையெச்சமும் ஒரே உருவில் இருந்தால், இரண்டே சொல் கொண்ட பொத்தானில் அது தடுக்கும். ‘உலாவி’க்கும் இதே சிக்கல் உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் அது பழகிவிட்டது. (கண் சொருகுவது நினைவுக்கு வருவதும் ஒரு காரணம். பாதி வீடியோவில் தொங்கி நின்ற அந்தக் காலத்துப் பிளகின்களுக்கு அது பொருத்தம்தான், ஆனாலும் வேண்டாம்.)

> நீட்சி (எக்ஸ்டென்ஷன்), செருகுநிரல் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமே? பயனருக்கு வேறுபாடு தெரியாது.

இதை மட்டும் செய்யாதீர்கள். நீட்சி பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவது. உலாவி 32-பிட்டா 64-பிட்டா என்று அது கேட்பதில்லை. செருகுநிரல் அப்படியல்ல. அது எந்திர மொழிக்கு மாற்றப்பட்ட நிரலகம் (லைப்ரரி), அந்நாளில் உலாவியின் செயலாக்கத்துக்குள்ளேயே, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள்ளேயே, ஏற்றப்பட்டது. 32-பிட்டில் நினைவக முகவரி 4 பைட், 64-பிட்டில் 8 பைட். 64-பிட் செயலாக்கத்துக்குள் 32-பிட் நிரலகத்தை ஏற்றவே முடியாது. எங்கள் அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டால் வந்த தலைவலி பற்றியதுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அத்தியாயமே விளங்காது.

நான் இதைக் கற்றது 2008-இல், லினக்ஸுக்கு 64-பிட் ஃபிளாஷ் வெளிவராத நாட்களில். ஃபிளாஷின் ‘லிப்ஃபிளாஷ்பிளேயர்’ கோப்பை நானே இறக்கி, மோசில்லாவின் பிளகின் கோப்புறையில் போட்டுவிட்டு உலாவியைத் திறந்தேன். வீடியோ வர வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். பிழைச் செய்தி எதுவும் இல்லை. கோப்பின் அனுமதிகளை மாற்றிப் பார்த்தேன், பெயரை மாற்றிப் பார்த்தேன், ஒரு மாலையே போனது. கடைசியில் முனையத்திலிருந்து உலாவியை இயக்கியபோதுதான் அது முணுமுணுத்தது தெரிந்தது: ‘தவறான எல்ஃப் கிளாஸ், 32’. (எல்ஃப் என்பது லினக்ஸ் நிரல் கோப்பின் வடிவம். 64-பிட் உலாவிக்குள் 32-பிட் கோப்பைப் போட்டுவிட்டேன் என்று பொருள்.) ‘ஃபைல்’ கட்டளையைக் கொடுத்திருந்தால் முதல் நிமிடத்திலேயே ‘எல்ஃப் 32-பிட், இன்டெல் 80386’ என்று சொல்லியிருக்கும்.

‘பிட்’டுக்கு நுண்மி, துணுக்கு என்று வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். ‘64-பிட்’ என்றே விட்டுவிடலாம். பரீட்சையில் அடிக்கும் பிட்டோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

சரி, ராப்பருக்கு வருகிறேன்.

> ராப்பர் என்றால் சுற்றியிருப்பது. உறை, உறைநிரல், மேலுறை ஏதாவது ஒன்று போதும். நேரடியான சொல் இருக்கும்போது ஏன் தேட வேண்டும்?

ஆங்கிலச் சொல்லுக்கு உறை சரி. பொருளுக்குச் சரியில்லை. 32-பிட் ஃபிளாஷை 64-பிட் உலாவியில் ஓட வைத்த ‘என்எஸ்பிளகின்ராப்பர்’ எதையும் சுற்றி மூடுவதில்லை. அது இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. உலாவிக்குள் ஒரு சின்ன 64-பிட் கோப்பு, தானே ஃபிளாஷ் என்று நடிக்கும். வெளியே ‘என்பிவியூவர்’ என்ற தனி 32-பிட் செயலாக்கம், உண்மையான ஃபிளாஷை அதுதான் ஏற்றி வைத்திருக்கும். உலாவி ‘இந்த முகவரியில் உள்ள வீடியோவை ஓட்டு’ என்று உள்ளே இருப்பதிடம் சொல்ல, அது வெளியே இருப்பதற்குக் கடத்தும். பதில் அதே வழியில் திரும்பி வரும். ஒருவரோடொருவர் ஒட்டவே முடியாத இரண்டு தரப்புக்கு நடுவில் செய்தி கொண்டு போகும் வேலை இது. இந்த வேலைக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டாகப் பெயர் இருக்கிறது: தூது.

உறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த வியூவர் அடிக்கடி தொங்கி நிற்கும். அதைக் கையேட்டில் எழுதும்போது ‘உறைநிரல் உறைந்துவிட்டால்’ என்று வரும். பாலுக்கு உறை ஊற்றுவது போல இருக்கிறது.

> அகப்பொருள் இலக்கணத்தில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே செல்வோருக்கு ‘வாயில்’ என்று பெயர். ‘வாயில்நிரல்’ எனலாமா?

இதைப் படித்தபோது எழுந்து நின்று கை தட்டத் தோன்றியது. தோழி, பாணன், பாங்கன் என்று பன்னிரண்டு வாயில்களைத் தொல்காப்பியம் அடுக்குகிறது. கோபித்துக்கொண்டு கதவடைத்த உலாவியிடம் ஃபிளாஷுக்காகப் பரிந்து பேசப் போகும் பாணன்! ஆனால் வலையமைப்புப் பகுதியில் கேட்வேக்கு ‘நுழைவாயில்’ என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம். வாயில் என்றதும் இன்றைய வாசகருக்குக் கதவுதான் தெரியும், பாணன் தெரியமாட்டான். மனமில்லாமல் விடுகிறேன்.

‘இடைநிரல்’ என்ற பரிந்துரையும் வந்தது. மிடில்வேரை ‘இடைநிலை மென்பொருள்’ என்கிறோம், இரண்டும் இடிக்கும். ‘தரகுநிரல்’ வேண்டாம், கமிஷன் கேட்கும்.

ஆக என் பரிந்துரை ‘தூதுநிரல்’. கலைச்சொல்லைப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்:

‘32-பிட் செருகுநிரலை 64-பிட் உலாவியில் பயன்படுத்தத் தூதுநிரல் தேவை.’

‘வீடியோ சாம்பல் கட்டமாக நின்றால் தூதுநிரலை நிறுத்துங்கள். உலாவியை மூட வேண்டியதில்லை. பக்கத்தை மீண்டும் ஏற்றினால் போதும்.’

இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். தூது தனிச் செயலாக்கம் என்பதால்தான் அது செத்தாலும் உலாவி பிழைத்தது. ‘உறை’ என்று எழுதியிருந்தால், உறையைக் கிழித்தால் உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று வாசகர் பயப்படுவார். செருகுநிரலைத் தனிச் செயலாக்கத்தில் வைக்கும் இதே ஏற்பாட்டை 2010 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3.6.4 தனக்குள்ளேயே கொண்டுவந்தது. நோக்கம் வேறு: பிட் வேறுபாட்டைத் தாண்டுவதற்காக அல்ல, ஃபிளாஷ் விழுந்தால் உலாவியும் சேர்ந்து விழாமல் இருக்க.

தூதரைக் கொல்லலாகாது என்று விபீஷணன் சொன்னதை எடுத்துக்காட்டி ஒருவர் தனிமடலில் கிண்டல் செய்திருக்கிறார். அந்நாளில் நாங்கள் தினமும் நாலு முறை ‘கில்ஆல் என்பிவியூவர்’ (வியூவரைக் கொல்லும் கட்டளை) அடித்தவர்கள். அந்தப் பாவம் எங்களோடு போகட்டும்.

> ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்பது நம் விதியல்லவா? நிரலாக்கத்தில் ராப்பர் ஃபங்ஷனுக்கு என்ன சொல்வீர்கள்?

அங்கே உறையே இருக்கட்டும். அங்கே ஒரு செயற்கூறு இன்னொன்றை உண்மையிலேயே உள்ளே வைத்து மூடுகிறது. விதியை நாமே ஏற்கெனவே மீறியிருக்கிறோம். வலையமைப்பில் போர்ட் ‘துறை’. ஒரு நிரலை வேறு இயங்குதளத்துக்குப் போர்ட் செய்வது ‘பெயர்த்தல்’. அதற்கும் ‘துறையாக்கல்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழுவே சிரித்திருக்கும்.

அத்தியாயத்தின் வரலாற்றுப் பத்தியில் ஒரு திருத்தம். முதல் வரைவில் ‘64-பிட் ஃபிளாஷ் 2008-இல் வந்ததும் சிக்கல் தீர்ந்தது’ என்று இருக்கிறது. தீரவில்லை. 2008 நவம்பரில் வந்தது ஆல்ஃபா (சோதனைப் பதிப்பு) மட்டுமே. 2010 ஜூனில் அடோபி அதை விலக்கிக்கொண்டது, செப்டம்பரில் மறுபடி முன்னோட்டமாகக் கொடுத்தது. முறையான வெளியீடு 2011 அக்டோபரில், பதிப்பு 11-உடன்தான். அதுவரை தூதுநிரல்தான் பலருக்குக் கஞ்சி ஊற்றியது. பத்தியை நானே மாற்றிவிடுகிறேன்.

பட்டியலில் ஏற்ற வேண்டியவை: பிளகின் – செருகுநிரல், எக்ஸ்டென்ஷன் – நீட்சி, பிளகின் ராப்பர் – தூதுநிரல், மற்ற ராப்பர் – உறை. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், கூடவே அந்தச் சொல்லை வைத்து ஒரு கையேட்டு வாக்கியமும்.

பி.கு.: ‘வாயில்’ சொன்னவருக்கு: பிராக்ஸி சர்வருக்கு (நமக்காக இணையத்தில் போய்க் கேட்டு வரும் கணினி) நம்மிடம் இன்னும் நல்ல சொல் இல்லை. பாணனை அங்கே அனுப்பிப் பார்க்கலாமா?