ஃபயட் கவுண்ட்டி (டெக்சாஸ்) வரலாற்று மார்க்கர்கள்: ஒரே நாளில் எதைப் பார்ப்பது, எப்படிப் படிப்பது? (மன்றக் கேள்வி பதில். சாலையோரம், பண்ணைச்சாலை, நவிடாட், முசுட்டை எல்லாம் எழுதுபவர்களின் புனைபெயர்கள்.)

சாலையோரம் கேட்டது:

ஹூஸ்டனிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி ஒரு சனிக்கிழமை ஃபயட் கவுண்ட்டிக்குப் போக எண்ணம். உள்ளே சுவரும் கூரையும் வண்ணம் தீட்டிய ஓவியத் தேவாலயங்கள் எப்படியும் உண்டு. ஆனால் முக்கியமாக வேண்டியது வரலாற்று மார்க்கர்கள், அதாவது அந்தந்த இடத்தின் கதையைச் சொல்லி நிறுத்திய கற்களும் பலகைகளும். படம் எடுத்துச் சேகரிக்க இல்லை, நின்று படிக்க.

ஒரே ஊரில் ஒன்று சாம்பல் நிறக் கிரானைட் கல்லாக நிற்கிறது, இன்னொன்று கம்பத்தின் மேல் அலுமினியப் பலகை, மூன்றாவது வீட்டுச் சுவரில் சின்னதாக ஒரு தகடு. மூன்றும் ஒரே திட்டமா? மார்க்கர் உள்ள கட்டடத்தை இடிக்கவே முடியாது என்கிறார்களே, நிஜமா? மாநிலத்தின் வரலாற்று இடங்களுக்கான இணைய அட்லஸ் காட்டுகிற இடத்தில் பலகை இல்லையென்றால் எங்கே தேடுவது? பண்ணை நிலத்துக்கு நடுவில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் போகலாமா? செக், ஜெர்மன் கல்லறை எழுத்துகளைப் படிக்க வழி உண்டா? சாக்பீஸ் தேய்த்தால் எழுத்து தெளிவாகும் என்று ஒரு இடத்தில் படித்தேன்.

பண்ணைச்சாலை பதில்:

கல்லும் பலகையும் வேறு வேறு காலத்துப் பிள்ளைகள். மெக்சிகோவிலிருந்து டெக்சாஸ் பிரிந்ததன் நூறாம் ஆண்டை ஒட்டி 1936இல் மாநிலம் முழுக்க நட்டவைதான் அந்தக் கிரானைட் கற்கள். கவுண்ட்டி எப்போது அமைந்தது, யார் பெயரில் அமைந்தது என்று சொல்லும் கற்களில் வெண்கல நட்சத்திரமும் மாலையும் பதித்திருப்பார்கள். வெண்கலத்துக்கு விலை உண்டு என்பதால் சில இடங்களில் அதைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் வட்டக் குழி தெரிந்தால் அதுதான் காரணம். அடியில் 'டெக்சாஸ் மாநிலம் எழுப்பியது, 1936' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும்.

அலுமினிய வார்ப்புப் பலகைகள் 1962இல் தொடங்கிய திட்டம். அதை நடத்துவது இன்றைய டெக்சாஸ் ஹிஸ்டாரிக்கல் கமிஷன். 1973 வரை அதற்கு வேறு பெயர் இருந்தது. பெரிய பலகை 27க்கு 42 அங்குலம், நடுத்தரம் 18க்கு 28. பலகையின் கடைசி வரியில் உள்ள வருடத்தை முதலில் பாருங்கள். அது சம்பவம் நடந்த வருடம் இல்லை, உரை எழுதிய வருடம். 1964 பலகையும் 2012 பலகையும் ஒரே ஊரைப் பற்றிப் பேசினாலும் யாரைச் சொல்கின்றன, யாரை விடுகின்றன என்பது மாறும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூறாம் ஆண்டு 1960களின் தொடக்கத்தில் வந்ததால், அந்தக் காலப் பலகைகளில் கான்ஃபெடரேட் (நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் அணி) புகழ் மாநிலமெங்கும் தூக்கலாக இருக்கும். ஃபயட் கவுண்ட்டியோ 1861 வாக்கெடுப்பில் பிரிவினையைச் சிறு வித்தியாசத்தில் நிராகரித்த கவுண்ட்டி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எது விடுபட்டது என்று தானாகவே தெரியும்.

இடிக்க முடியாது என்பது பாதிதான் சரி. பலகையின், அல்லது வீட்டுச் சுவரில் உள்ள தகட்டின், அடியில் 'ரெக்கார்டட் டெக்சாஸ் ஹிஸ்டாரிக் லேண்ட்மார்க்' என்ற சொற்கள் இருந்தால் மட்டுமே அந்தக் கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு. அதுவும் தடை இல்லை: வெளிப்புறத்தை மாற்றவோ இடிக்கவோ போகிறவர் 60 நாள் முன்னதாகக் கமிஷனுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். யோசிக்கவும் பேசிப் பார்க்கவும் கிடைக்கும் அவகாசம், அவ்வளவுதான். அந்தச் சொற்கள் இல்லாமல் ஒரு ஊரையோ நபரையோ சம்பவத்தையோ பற்றி மட்டும் சொல்லும் சாதாரண மார்க்கர் எந்தப் பாதுகாப்பும் தராது. பலகையே டெக்சாஸ் மாநிலத்தின் சொத்து என்று புதிய பலகைகளில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பின்னால் இருக்கும் கட்டடமும் அரசுடையது என்று நினைப்பவர்கள் நிறைய. சொத்து என்பது பலகை மட்டும்.

அட்லஸில் மார்க்கரின் எண் 5இல் தொடங்கும். அடுத்த மூன்று இலக்கம் கவுண்ட்டிக் குறியீடு, ஃபயட்டுக்கு 149. தேடல் முடிவுகளில் பக்கத்துக் கவுண்ட்டிகள் கலந்து வந்தால் இதை வைத்துப் பிரிக்கலாம். முகவரி பல பதிவுகளில் 'இந்த ஊரிலிருந்து இத்தனை மைல் தெற்கே' என்ற வகையில்தான் இருக்கும். அதனால் புள்ளியை மட்டும் நம்பாமல் அந்த வாக்கியத்தையும் படியுங்கள். சாலையை அகலப்படுத்தும்போது பலகையைக் கழற்றி நெடுஞ்சாலைத் துறைக் கிடங்கில் வைத்திருப்பார்கள், வேலை முடிந்ததும் கொஞ்சம் தள்ளி நடுவார்கள். ஆகவே இரண்டு பக்கமும் கால் மைல் பார்த்துவிட்டுக் கைவிடுங்கள். கம்பம் மட்டும் நின்றால் படம் எடுத்துக் கவுண்ட்டி ஹிஸ்டாரிக்கல் கமிஷனுக்கு அனுப்புங்கள். வண்டி மோதி விழுந்ததா, திருட்டா என்று முதலில் விசாரிப்பது அவர்கள்தான்.

நவிடாட் பதில்:

வழியை நான் சொல்கிறேன். ஐ-10 நெடுஞ்சாலையில் ஹூஸ்டனிலிருந்து ஷூலன்பர்க் 100 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே தொடங்கி லா கிரேஞ்சில் முடியுங்கள். தலைகீழாகப் போனால் மாலையில் திருமணமோ சனிக்கிழமைப் பூசையோ நடக்கும் நேரத்தில் தேவாலய வாசலில் போய் நிற்பீர்கள்.

முதலில் ஹை ஹில், பண்ணைச் சாலை 2672. 1906இல் கட்டிய செங்கல் தேவாலயம், உள்ளே 1912இல் ஸ்டாக்கர்ட், கெர்ன் என்ற இருவர் தீட்டியது. தூண்கள் பளிங்கு போலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் மரம், மேலே பளிங்கு ரேகையைத் தூரிகையால் போட்டிருக்கிறார்கள். தொடாதீர்கள், கை எண்ணெய்ப் பிசுக்கு வண்ணத்தில் ஏறும். அடுத்து சாலை 1383இல் டுபீனா. 1856இல் செக் குடியேறிகள் அமர்ந்த இடம். 1909 சூறாவளி பழைய தேவாலயத்தைத் தரைமட்டமாக்கியது. கோபுர உச்சியில் உள்ள இரும்புச் சிலுவை அந்தப் பழைய கோவிலுடையது, அடிமை நிலையிலிருந்து விடுபட்ட டாம் லீ என்ற கொல்லர் அடித்தது. உள்ளே இருக்கும் ஓவியத்தை நடுவில் வெள்ளையடித்து மூடிவிட்டு 1980களில் மீட்டார்கள். கோவிலைப் பார்த்தபின் கிளைச் சாலையில் 1885 இரும்புப் பாலம் ஒன்று உண்டு, பியானோ பிரிட்ஜ் என்று கேளுங்கள். அதே 1383இல் மேலே போனால் அம்மான்ஸ்வில். முதல் கோவில் 1909 சூறாவளியில் போனது, இரண்டாவது 1917இல் எரிந்தது, இப்போது நிற்பது 1919இல் கட்டிய மூன்றாவது. உள்ளே இளஞ்சிவப்பு.

ப்ராஹா மேற்கே, ஃப்ளட்டோனியா பக்கம், திசை வேறு. 1895 கல் கோவில், கூரை ஓவியம் காட்ஃப்ரீட் ஃப்ளூரி. ஒரே நாளில் மார்க்கர்களும் படிக்க வேண்டுமானால் நான் ப்ராஹாவை விட்டுவிடுவேன். ஆகஸ்ட் 15 அங்கே திருவிழா. அன்று போனால் கூட்டத்தில் ஒரு கல்லையும் படிக்க முடியாது.

மதியத்துக்குமேல் யூ.எஸ். 77 வழியாக லா கிரேஞ்ச். ஊருக்குத் தெற்கே லூப் 92இல் மான்யுமென்ட் ஹில். கொலராடோ ஆற்றின் மேலே செங்குத்துக் குன்று (கிராண்ட் கேன்யனில் ஓடும் கொலராடோ வேறு, இது டெக்சாஸுக்குள்ளேயே பிறந்து கடலில் சேர்கிறது). அங்கே ஒரே கல்லறையில் இரண்டு வேறு சம்பவங்களின் எலும்புகள். மார்க்கரை அவசரமாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான். ஒன்று, 1842 செப்டம்பர் 18இல் சான் அன்டோனியோ அருகே மெக்சிகோ படையிடம் கொல்லப்பட்ட, டாசன் என்பவர் தலைமையில் போன டெக்சாஸ் ஆட்கள். இன்னொன்று, மெக்சிகோவின் மியெர் ஊர்மேல் டெக்சாஸ்காரர்கள் நடத்திய படையெடுப்பில் பிடிபட்டவர்கள். தப்பி ஓடி மீண்டும் சிக்கிய 176 பேருக்குக் குடத்தில் 159 வெள்ளை அவரை, 17 கறுப்பு அவரை போட்டு எடுக்கச் சொன்னார்கள். கறுப்பு எடுத்த 17 பேரை 1843 மார்ச் 25இல் சுட்டார்கள். இரண்டு கூட்டத்தின் எச்சங்களையும் 1848 செப்டம்பர் 18இல் இந்தக் குன்றில் புதைத்தார்கள். நாளைக் கவனியுங்கள், டாசன் சம்பவத்தின் ஆறாம் ஆண்டு நினைவு நாள். 48 அடித் தூண் 1936இல் வந்தது.

அதே வளாகத்தில் க்ரைஷெ மதுபான ஆலையின் இடிபாடு. க்ரைஷெ என்ற ஜெர்மன் கல் கொத்தனார் 1849இல் இந்த நிலத்தை வாங்கினார், கல்லறையும் அதற்குள்ளேயே இருந்தது. 1860களில் பீர் வடிக்க ஆரம்பித்தார், 1882இல் இறந்தார், ஆலை அதிக நாள் தாங்கவில்லை. கல் வேலையைப் பாருங்கள், சரிவை நம்பிக் கட்டியிருக்கிறார். கீழே இறங்கும் வழிக்கு வழிகாட்டி வரும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் நடுவில் 1891 நீதிமன்றம், கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ரைலி கார்டன். நீலச்சாயல் மணற்கல் இதே கவுண்ட்டியின் மல்டூனில் வெட்டியது. சனிக்கிழமை உள்ளே போக முடியாது. சுற்றி நடந்தாலே சதுக்கத்தில் பலகைகள் வரிசையாகக் கிடைக்கும்.

முசுட்டை பதில்:

சாக்பீஸ் கூடாது. மாவு, ஷேவிங் கிரீம் எதுவும் கூடாது. சாக்பீஸ் துகள் சுண்ணாம்புக் கல்லின் துளைக்குள் போய் உட்காரும், மாவு பாசிக்குத் தீனி, ஷேவிங் கிரீமின் அமிலம் பளிங்கைத் தின்னும். கதவில் மாட்டுகிற மலிவான நீளக் கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள். ஒருவர் கல்லுக்குப் பக்கவாட்டில் ஆறேழு அடி தள்ளி நின்று வெயிலைக் கல்லின் முகத்தின் மேல் சாய்வாக வாருவது போல அடிக்க வேண்டும், இன்னொருவர் நேராக நின்று படம் எடுக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் வெறுங்கல்லாகத் தெரிந்ததில் எழுத்தின் ஓரம் நிழல் பிடித்து எழுந்து வரும். ஒளிக்கற்றை கல்லின் பரப்போடு கிட்டத்தட்ட ஒட்டி ஓட வேண்டும், கோணம் அதிகமானால் நிழல் செத்துவிடும். அலுமினிய மார்க்கருக்கும் ஃப்ளாஷ் போடாதீர்கள். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுங்கள்.

செக் எழுத்துக்கு நாலைந்து சொல் போதும். 'ஸ்டே ஓட்போசீவா' என்று தொடங்கினால் 'இங்கே துயில்கிறார்'. 'நரோஸென்' பிறப்பு, 'ஸெம்ர்ஷெல்' இறப்பு. பெண்ணானால் இரண்டு சொல்லின் முடிவிலும் 'அ' ஒலி வரும், பெயர் 'ஓவா' என்று முடியும். ஒரே குடும்பக் கல்லில் கணவருக்கும் மனைவிக்கும் குடும்பப் பெயர் வேறாகத் தெரிவது இதனால்தான். மாதங்களில் சிக்கல் ஒன்றே ஒன்று: 'செர்வென்' ஜூன், 'செர்வெனெட்ஸ்' ஜூலை. கல் கடைசி எழுத்துகளை உதிர்த்திருந்தால் ஜூன் என்று முடிவுகட்டாதீர்கள். 'லிஸ்டோபாட்' நவம்பர். ஜெர்மனில் 'ஹியர் ரூட்', 'கெபோரென்', 'கெஷ்டோர்பென்'. தேதி நம் வழக்கம் போல நாள், மாதம், வருடம். 3.5.1887 என்றால் மே 3. அமெரிக்க வழக்கத்தில் படித்து மார்ச் 5 என்று பதிந்தவை இணையத்தில் நிறையக் கிடக்கின்றன.

நீலச் சாம்பலாக, எழுத்து நேற்று வார்த்தது போலக் கூர்மையாக நிற்கும் நினைவுச்சின்னம் கண்ணில் பட்டால் அது கல் இல்லை, துத்தநாகம். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் உள்ளே வெற்றிடம் என்று ஓசை சொல்லும். 1870களிலிருந்து 1914 வரை விற்றது.

தனியார் நிலத்துக் கல்லறை விஷயம்: பொதுவழி இல்லாத கல்லறைக்குப் போய்வர நியாயமான வழி கேட்கும் உரிமையை டெக்சாஸ் சட்டம் தருகிறது. அது வேலி தாண்டும் உரிமை இல்லை. நிலச் சொந்தக்காரரிடம் நேரமும் வழியும் பேசிக்கொண்டு போக வேண்டும். 'நுழையாதே' பலகை இல்லையே என்று நினைக்காதீர்கள். வேலிக் கம்பத்திலோ மரத்திலோ ஊதா வண்ணக் கோடு இருந்தால் அதே அர்த்தம்: செங்குத்தாக 8 அங்குலமாவது நீளம், 1 அங்குலமாவது அகலம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில். உள்ளே போனால் கல்லின் அடியில் கை வைக்கும் முன் பாருங்கள், நெருப்பெறும்புப் புற்று பெரும்பாலும் அங்கேதான்.

பழைய யூ.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்க நிலவியல் அளவைத் துறை) வரைபடத்தில் கல்லறைக் குறியை வைத்துத் தேடுபவர்கள் ஒன்று கவனிக்க: அவை 1927 அளவை ஆதாரத்தில் வரைந்தவை. அதன் யூ.டி.எம். எண்ணை (இடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும் எண்) அப்படியே போனில் போட்டால் வடக்கு தெற்காகச் சுமார் 200 மீட்டர் தப்பும். மாட்டுத் தொழுவத்தில் போய் நிற்பீர்கள்.

சாலையோரம் கேட்டது:

மூவருக்கும் நன்றி. இரண்டு துணைக் கேள்வி. பாசி பிடித்த கல்லைக் கழுவிவிடலாமா? பலகையில் தப்பு இருந்தாலோ, மார்க்கரே இல்லாத இடத்துக்கு ஒன்று வேண்டுமென்றாலோ என்ன செய்வது?

முசுட்டை பதில்:

உங்கள் குடும்பக் கல்லறை இல்லையென்றால் கழுவாதீர்கள், தோட்டத்தின் சங்கத்திடம் அனுமதி கேளுங்கள். அனுமதி இருந்தால்: முதலில் தண்ணீரால் நன்றாக நனைக்க வேண்டும், காய்ந்த கல்லில் எதையும் ஊற்றக் கூடாது. டி/2 போன்ற கல்லுக்கான உயிரிக் கரைசல், மெத்தென்ற பிரஷ், கீழிருந்து மேலாகத் தேய்ப்பு. மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்கு நீர் காய்ந்த பகுதியில் வழிந்து கறைக்கோடு விழும். பிளீச் வேண்டாம், அதன் உப்பு துளைக்குள் படிகமாகிக் கல்லை உள்ளிருந்து உரிக்கும். கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் இரண்டும் தொடவே கூடாது. தட்டினால் பொத்தென்று ஓசை வரும் கல்லானால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பண்ணைச்சாலை பதில்:

புதிய மார்க்கருக்கு விண்ணப்பம் கவுண்ட்டி ஹிஸ்டாரிக்கல் கமிஷன் வழியாகத்தான் போகும், நேராக ஆஸ்டினில் உள்ள மாநிலக் கமிஷனுக்கு அனுப்ப முடியாது. பெரும்பாலான பொருளுக்கு 50 வருடம் ஆகியிருக்க வேண்டும், சம்பவமானால் 30, ஒரு நபரானால் இறந்து 10 வருடம். விண்ணப்பக் கட்டணம் 100 டாலர், வார்ப்புச் செலவு தனி. மாநிலம் கவனிக்காமல் விட்ட சமூகங்களைப் பற்றிய மார்க்கர்களுக்கு இந்தக் கட்டணத் தொகையிலிருந்துதான் செலவு செய்கிறார்கள். பெரும்பாலான விண்ணப்பம் விழுவது இரண்டு இடத்தில்: அடிக்குறிப்பு இல்லாத ஆய்வு, நிலச் சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமை. 'ஊரில் எல்லாரும் சொல்வார்கள்' என்பது சான்று ஆகாது. நிலப் பத்திரம், மக்கள்தொகைக் கணக்கு, அந்தக் காலத்துச் செய்தித்தாள் வேண்டும். பலகை உரையை எழுதுவது கமிஷன் ஊழியர்கள். வரைவு உங்களிடம் திரும்பி வரும்போது பெயர் எழுத்து, வருடம் இரண்டையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வார்த்தபின் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

கல்லறைத் தோட்டத்துக்கு முதலில் 'ஹிஸ்டாரிக் டெக்சாஸ் செமிட்டரி' அந்தஸ்து வாங்க வேண்டும். பலகையைவிட அதுவே பெரிது: கவுண்ட்டி பத்திரப் பதிவில் ஏறிவிடும். நிலம் கைமாறும்போது வாங்குகிறவர் கல்லறை இருப்பது தெரியாது என்று சொல்ல முடியாது.

தப்பு இருந்தால், தேதியோ பெயரோ பிசகு என்பதற்கு அசல் ஆவணத்தின் நகலோடு உரையை மறுபார்வை செய்யக் கேட்கலாம். தொனி பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதினால் நகராது. பலகையை முழுதாக ஒரு படம், அடிவரியில் உள்ள வருடத்தைக் கிட்டத்தில் ஒரு படம், அட்லஸ் எண், இந்த மூன்றும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.