வருடக் கடைசி ஒன்பது நாளும் வீட்டிலேயே சொந்த வேலை பார்ப்பது தப்பா?

புளியரைத் தம்பி | டிசம்பர் 20, இரவு 9:40

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். 24-ம் தேதியிலிருந்து ஜனவரி 1 வரை ஊரில் (செங்கோட்டைப் பக்கம், கேரள எல்லையில் இருக்கும் புளியரை) இருப்பேன். வருடக் கடைசியில் எங்கள் ஆபீஸில் புதிதாக எதையும் தொட மாட்டார்கள். மிச்சமிருக்கிற லீவையும் 31-க்குள் எடுக்காவிட்டால் போய்விடும். அதனால் சேர்ந்தாற்போல ஒன்பது நாள் கிடைக்கிறது. வருடத்தில் வேறு எப்போதும் இப்படிக் கிடைப்பதில்லை.

இந்த ஒன்பது நாளும் நான் எங்கேயும் போகப்போவதில்லை. வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதில் தாத்தா காலத்து ஆதாரங்கள் அறுபதுக்கு மேல் இருக்கும் (பத்திரத்துக்கு எங்கள் வீட்டில் ஆதாரம் என்றுதான் பேர்). கூடவே அப்பா எண்பதுகளில் பதிவு செய்த 34 கேசட். ஆதாரங்களை ஸ்கேன் செய்து, கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். போன வருடம் இதே நாட்களில் ஆரம்பித்து 9 கேசட் முடித்தேன். அப்போது பெரியப்பா வந்து, "நல்ல நாளும் அதுவுமா கதவை அடைச்சுக்கிட்டுக் கிடக்கான், இவன் ஊருக்கு வந்தா என்ன, வராட்டி என்ன?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்குக் காரணம் ஏரலில் இருக்கும் அத்தை வீடு. 2023 டிசம்பர் 17, 18 மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஆறு அத்தை வீட்டுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பீரோவைத் திறந்தோம். கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்கள் செங்கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்தன. ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாகத்தான் தூக்கினேன். எழுத்து கீழ்த்தாளிலேயே ஒட்டிக்கொண்டு, வெறும் தாள் கையோடு வந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, சேலைத் தலைப்பால் அந்தச் சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் பெட்டிக்கும் அப்படி ஒரு நாள் வரக்கூடாது.

ஆரியங்காவு வழி | டிசம்பர் 20, இரவு 10:25

தம்பி, உன் அக்கறை புரிகிறது. ஆனாலும் உன் பெரியப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது.

வருடம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாய். ஊருக்கு வந்தும் கம்ப்யூட்டர். கிறிஸ்துமஸை ஒட்டித்தான் ஆரியங்காவில் ஐயப்பனுக்குத் திருக்கல்யாணம். மதுரையிலிருந்து சௌராஷ்டிரக்காரர்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டுவருவார்கள். சம்பந்தி முறை வைத்து உபசரிப்பார்கள். நம் செக்போஸ்ட்டைத் தாண்டி மலையேறினால் கோவில். இதைப் பார்க்க மதுரையிலிருந்து வருகிறார்கள், புளியரையில் இருந்துகொண்டு நீ போகவில்லை. வீட்டுப் பிள்ளைகளை ரயிலில் ஏற்றிப் பதின்மூன்று கண் பாலத்தைக் காட்டிக்கொண்டு வரலாம். 1904-ல் போட்ட லைன், அகலப்பாதையாகி 2018-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. நடுவில் ரயிலே இல்லாமல் இருந்த வருடங்களில் நாங்கள் எவ்வளவு ஏங்கினோம் என்று உனக்குத் தெரியாது.

இன்னொன்று. பெட்டி எங்கேயும் போய்விடாது. பெட்டிக்குள் இருப்பது என்னவென்று தெரிந்தவர்கள் போய்விடுவார்கள். உன் பெரியப்பாவுக்கு என்ன வயது? எந்த வயல் யாரிடமிருந்து வாங்கியது, எது ஒத்தி, எது கிரயம் என்று அவருக்குத்தான் தெரியும். நீ கதவை அடைத்துக்கொண்டு ஸ்கேன் செய்கிறாய், அவர் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

வடகரை அக்கா | டிசம்பர் 21, காலை 6:10

நான் வேறு ஒன்று கேட்கிறேன். போன வருடம் அந்த ஒன்பது நாளும் சாப்பாடு, காபி எல்லாம் யார் கொண்டுவந்து கொடுத்தது?

சண்டைக்குக் கேட்கவில்லை தம்பி. என் வீட்டுக்காரரும் டிசம்பர் கடைசியில் மாடி அறைக்குப் போய்விடுவார். ஒரு வருடம் பழைய ரேடியோ, ஒரு வருடம் தேனீப்பெட்டி. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. போன ஜனவரி 2-ம் தேதி அந்த அறையைக் கூட்டப் போனேன். மேசையில், ஜன்னல் திண்டில், கட்டிலுக்குக் கீழே என்று ஏழு டம்ளர் எடுத்தேன். இரண்டில் காபி ஆடை கட்டிக் காய்ந்துபோயிருந்தது. ஏழும் நான் படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தவை.

அந்த நாட்களில்தான் பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு. மாலை போட்டவர்கள் குற்றாலத்துக்கு வருவார்கள், நம் வீட்டுக்கும் நாலு பேர் வருவார்கள். மாமியார் பாடும் கும்மிப்பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று மூன்று வருடமாக நினைக்கிறேன். பதினோரு பாட்டில் நிற்கிறது. எனக்கு யாரும் ஒன்பது நாள் தரவில்லை, ஒரு நாள்கூட இல்லை. உங்களுக்கு லீவு கொடுத்தது ஆபீஸ் மட்டும் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புளியரைத் தம்பி | டிசம்பர் 21, காலை 8:30

அக்கா, அம்மாதான் கொண்டுவந்து கொடுத்தார்கள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அதை யோசிக்கிறேன்.

அண்ணாச்சி, நேரக் கணக்கைச் சொல்கிறேன். கேசட்டை வேகமாக ஓட்டிப் பதிவு செய்ய எனக்கு வழியில்லை. 90 நிமிட கேசட் என்றால் 90 நிமிடம் ஓடியே ஆக வேண்டும். மிச்சம் 25, பெரும்பாலும் 90 நிமிடம்தான். ஓட்டத்துக்கே ஏறக்குறைய 37 மணி நேரம். அதற்கு முன்னால் பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை இம்மியளவு திருப்பினால் மங்கிக் கிடக்கும் குரல் பளிச்சென்று வரும். அதைக் கேசட்டுக்குக் கேசட் காதால் கேட்டுத்தான் சரி செய்ய முடியும். நம் பக்கத்து ஈரத்துக்குச் சில நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை வேறு. சனி, ஞாயிறு வந்துபோகிறவனால் இது முடியாது.

கணக்கப்பிள்ளை | டிசம்பர் 21, பகல் 1:15

முடியும். கேசட்டுகளைச் சென்னைக்கு எடுத்துப் போங்கள். தினம் ராத்திரி சாப்பிடும்போது ஒரு கேசட் போட்டால் ஒரு மாதத்துக்குள் 25-ம் முடிந்துவிடும். ஒன்பது நாள் மூச்சுப் பிடித்துச் செய்துவிட்டு மீதி 356 நாள் பெட்டியைப் பூட்டி வைப்பதால்தான் போன வருடம் 9-ல் நின்றுவிட்டது. தவறு அங்கேதான் இருக்கிறது.

ஆதாரத்தை மட்டும் ஊரை விட்டு எடுத்துப் போகாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது, பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம், அப்புறம் பிரிக்கவே முடியாது. பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

ஆரியங்காவு வழி | டிசம்பர் 21, இரவு 8:50

கணக்கப்பிள்ளை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஜனவரி 1 நமக்கு வருடப்பிறப்பும் இல்லை. நமக்குச் சித்திரை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில். ஆபீஸ் கணக்குக்காக வந்த லீவை நீயாக ஒரு விரதம் மாதிரி ஆக்கிக்கொள்கிறாய். மார்கழியில் நம் ஊரில் விடியும் முன்னே தெரு விழித்துவிடும், கோவிலில் பாட்டு கேட்கும், வாசலில் கோலம் போடுவார்கள். அதற்குள் இருந்துகொண்டு ஹெட்போன் மாட்டிக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புளியரைத் தம்பி | டிசம்பர் 22, காலை 7:05

அண்ணாச்சி, லீவு ஆபீஸ் தந்ததுதான். ஆனால் வேறு லீவு எனக்கு இல்லையே. சித்திரைக்கு ஒரு நாள், பொங்கலுக்கு நாலு நாள். அதில் பஸ்ஸிலேயே இரண்டு ராத்திரி போய்விடும். தினம் ஒரு கேசட் யோசனை நல்லது. ஆனால் அப்பா குரலைச் சென்னையில் வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து கேட்க என்னால் முடியாது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தக் குரலை இந்த வீட்டில்தான் கேட்க வேண்டும்.

வடகரை அக்கா | டிசம்பர் 22, காலை 10:20

அப்படியானால் ஏன் தம்பி கதவை அடைக்கிறீர்கள்? அம்மாவுக்கும் அது கேட்க வேண்டிய குரல்தானே?

புளியரைத் தம்பி | டிசம்பர் 26, இரவு 11:30

பிளேயரைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். ஹெட்போன் இல்லை, ஸ்பீக்கர்தான். மதியச் சமையல் என் பொறுப்பு. கேசட் ஓடும்போதே காய் நறுக்க முடிகிறது. மூன்று நாளில் 6 கேசட்தான் ஆகியிருக்கிறது. நடுவில் அம்மா நிறுத்தச் சொல்லி, இது யார் கல்யாணம், இது யார் குரல் என்று சொல்கிறார்கள். அதையும் எழுதிக்கொள்கிறேன். இந்த வேகத்தில் இந்த வருடமும் முடியாது. அண்ணாச்சி, திருக்கல்யாணத்துக்குப் போகவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்கேன் வேலையில் ஒரு சந்தேகம். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் சமஸ்தானத் தாள், விலையைப் "பணம்" என்ற பழைய நாணயக் கணக்கில் எழுதியிருக்கிறது. தேதி "கொல்லம் 1112-ம் ஆண்டு தனு மாதம் 20". கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும் என்று படித்ததால் ஃபைலுக்கு 1936 என்று பேர் வைத்திருக்கிறேன். சரிதானே?

ஆரியங்காவு வழி | டிசம்பர் 27, காலை 5:50

கோபம் இல்லை, வருத்தம்தான். அடுத்த வருடம் நானே வந்து கூட்டிப் போகிறேன்.

1936 தப்பு. கொல்லம் ஆண்டு பிறந்ததிலிருந்து டிசம்பர் 31 வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. தனு மாதம் (நம் மார்கழி) டிசம்பர் பாதியில் பிறக்கிறது. ஆங்கில வருடம் மாறுவது அந்த மாதத்தின் நடுவில். தனு 20 என்றால் ஜனவரி முதல் வாரம், ஆக 1937. அதே 1112-ல் துலாம் 27-ம் தேதிதான் திருவிதாங்கூர் சித்திரைத் திருநாள் மகாராஜா, எல்லாச் சாதி இந்துக்களும் கோவிலுக்குள் போகலாம் என்று கோவில் நுழைவு விளம்பரம் செய்தார். அது 1936 நவம்பர் 12. உன் தாத்தா இந்த ஆதாரம் முடித்தது அதற்கு இரண்டு மாதம் ஆவதற்குள். செங்கோட்டை தாலுகா முழுக்க அப்போது திருவிதாங்கூர், 1956 நவம்பர் 1-ல்தான் நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம்.

பணக் கணக்கையும் எழுதி வைத்துக்கொள். திருவிதாங்கூர் நாணயத்தில் நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். தனு, மகரத்து (நம் தை) ஆதாரம் வேறு இருந்தால் எல்லா ஃபைல் பேரையும் ஒரு தடவை பார்த்துவிடு. பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்.