ஜுப்பா, ஷுவைமிஸ், ஹர்ரா: பாறையில் பார்த்ததில் இன்னும் உறுத்துவது எது?

நஃபூத்வாசி:
சவூதியின் ஜுப்பா, உம்மு சின்மான் மலை, மாலை வெயில். தமூதிக் எனும் பழைய அரேபிய எழுத்துகளுக்குப் பக்கத்தில் பாறையில் கொத்திய ஒட்டகங்கள் நிற்குமே, அதில் ஒன்று. வெயில் சாயச் சாய ஒட்டகத்தின் வயிற்றுக்குள்ளிருந்து மாட்டுக் கொம்பு ஒன்று எழும்பி வந்தது. பத்தே நிமிடம், பிறகு வெறும் பாறை. ஒட்டகம் தேன் நிறம். மாடு பாறையின் கருந்தோலோடு கரைந்து கிடந்தது. இரும்பும் மாங்கனீசும் படிந்த அந்தத் தோலைக் கொத்தினால் வெளிறிய மணற்கல் தெரியும், நாளாக ஆகத் தோல் திரும்பப் படியும். ஆக, மாடுதான் மூத்தது. ஜுப்பாவில் ஏரி இருந்த காலத்து மாடு.

சுவடிப்பித்தன்:
அதே சவூதியில், ஷுவைமிஸ் பாறையில் கொத்திய வேட்டைக்காட்சியை மறக்க முடியாது. வேட்டைக்காரன் வில்லை இழுத்து நிற்கிறான், சுற்றிலும் 13 நாய்கள். இரண்டின் கழுத்திலிருந்து அவன் இடுப்புக்குக் கோடு போகிறது. விறைத்த காது, சுருண்ட வால், ஒவ்வொன்றின் மேலும் வேறு வேறு திட்டு. பார்த்துப் பழகிய நாய்களைத்தான் யாரோ கொத்தியிருக்கிறார்கள். அந்தக் கோடு கயிறா, 'இது என் நாய்' என்ற குறியா என்று சண்டை ஓயவில்லை. எனக்குக் கயிறுதான்.

கருங்கல்:
நாய் இருக்கட்டும். நஃபூத்வாசி அண்ணே, நிறத்தை வைத்து மூப்பு சொல்வது ஒரே பாறை முகத்துக்குள் மட்டும் செல்லும். மழைநீர் வழியும் பக்கம், மணல் அறையும் பக்கம், நிழல் பக்கம் மூன்றிலும் தோல் படியும் வேகம் வேறு. உங்கள் மாட்டைக் காப்பாற்றுவது நிறமல்ல, ஒட்டகத்தின் கொத்துக்குழி கொம்புக் கோட்டை வெட்டிப் போவதுதான். அந்த வெட்டு தெரிகிற படம் இருக்கிறதா?

ஹர்ராக்காரன்:
படம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. ஜோர்டான் ஹர்ராவில், அதாவது எரிமலைக்கல் பாலையில், ஒரு பசால்ட் கல்லில் யாரோ சாக்பீஸால் எழுத்தைத் 'தெளிவாக்கி' வைத்திருந்தார்கள், தப்பான எழுத்தாக. அவ்வளவுதான் நான் பார்த்தது. ஆனால் கேளுங்கள்.

சாக்பீஸ் வேண்டாம், அடுத்து வருபவர் கல்லை விட்டு உங்கள் ஊகத்தைத்தான் வாசிப்பார். தண்ணீரும் தெளிக்காதீர்கள். மணற்கல்லுக்குள் இருக்கும் உப்பு கரைந்து, காயும்போது மேல்தோலுக்கு அடியில் கட்டிதட்டி, தோலை உரித்துவிடும். காலை மாலைச் சாய்வெயில் கிடைக்காவிட்டால் குடையோ போர்வையோ பிடித்து நேர்வெயிலை மறையுங்கள். முக்காலியில் கேமரா, ஃபிளாஷைத் தனியே கழற்றிப் பாறையோடு 10–15 டிகிரி சாய்வில் இடம், வலம், மேல், கீழ் என நான்கு படம். 10 செ.மீ. அளவுகோல் எழுத்தின் மேல் விழாமல் ஓரத்தில். முப்பரிமாணம் வேண்டுமானால் அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். மங்கிய நிறத்தை எடுத்துக்காட்டும் டீஸ்ட்ரெட்ச் மென்பொருள் வண்ண ஓவியத்துக்கு அருமை, கொத்து வேலைக்குப் பெரிதாக உதவாது.

ஹர்ராக் கற்களில் இருக்கும் பழைய எழுத்தான சஃபாயிட்டிக் வாசிக்க ஆசையா? 28 எழுத்து, உயிர்க்குறி கிடையாது, சொல் இடைவெளி கிடையாது. வலமிருந்தும் வரும், இடமிருந்தும் வரும், நத்தையாகச் சுருண்டும் போகும். புள்ளியில்லாத ஓலை வாசித்தவர்கள் பயப்பட வேண்டாம். தொடக்கத்தில் நெட்டைக் கோடு: 'ல்', இன்னாருடையது. பிறகு பெயர், 'ப்ன்' என்றால் மகன், பிறகு தகப்பன் பெயர், தாத்தா பெயர். சிக்கல் எங்கே? குட்டைக் கோடு 'ன்'. பசால்ட் சில்லு பெயர்ந்தால் நெட்டை எது குட்டை எது என்று தெரியாது. அப்போது 'ப்'பைத் தேடுங்கள், ஆழமான வளைவு. அடுத்த கோடு பெரும்பாலும் 'ன்'. வளைவு ஆழமில்லாவிட்டால் அது 'ர்' ஆகிவிடும், மகனைத் தொலைத்துவிடுவீர்கள்.

கல்லைப் புரட்டிப் பார்க்காதீர்கள். கற்குவியலில் எது எங்கே இருந்தது என்பதும் சேதிதான்.

நஃபூத்வாசி:
வெட்டு தெரிகிறது கருங்கல், ஒரு படத்தில் மட்டும். ஆனால் கொம்புக்குப் பக்கத்தில் ஒரு வட்டமும் கோடும் இருக்கிறது. எழுத்தா?

ஹர்ராக்காரன்:
தனியாக நின்றால் வஸ்ம். ஒட்டகத்துக்குப் போடும் சூட்டுக்குறி. அதை 'வாசித்து' விடாதீர்கள்.