நம்பை எண்களை ஜேசனாக்க ‘எஸ்டிஆர்’ ஒன்று போதுமா?

பாம்பன் வலை:
எங்கள் ஊர் மீனவர் குழுவுக்காக ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறேன். கரை திரும்பிய விசைப்படகுகளின் எண்ணிக்கை, நண்டு, காரல், சூடை என்று ரகவாரியாக எடை, கடல்நீரின் வெப்பம் எல்லாவற்றையும் பைத்தான் நிரல்மொழியில் நம்பை என்ற எண்கணக்கு நூலகம் கொண்டு கணக்கிட்டு, ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவாகக் கைபேசிப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். நம்பையின் முழு எண் வகையைச் சொல்லி, ‘இன்ட்64 வகைப் பொருளை ஜேசனாக்க இயலாது’ என்று நிரல் நின்றுவிட்டது. ஜேசனாக எழுதும் டம்ப்ஸில், தெரியாத வகை வந்தால் எதை அழைப்பது என்று சொல்லும் டிஃபால்ட் என்ற இடத்தில், எதையும் எழுத்தாக்கும் எஸ்டிஆரைக் கொடுத்தேன்; ஓடிவிட்டது. இதற்கு மேல் எதற்கு மெனக்கெட வேண்டும்?

மண்டபம் அலை:
தம்பி, அந்த எஸ்டிஆரை இன்றே எடுத்துவிடுங்கள். 120 என்ற எண் இப்போது எழுத்தாகப் போகிறது. காலையில் 120 படகு, மாலையில் 85 படகு என்று ஜாவாஸ்கிரிப்ட் கூட்டினால் 12085 என்று வரும்.

வெப்பத்தின் கதி இன்னும் மோசம். மணிக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு 8,760 அளவுகள். எண்களின் வரிசையான நம்பை அணியை எழுத்தாக்கும்போது உறுப்புகள் 1,000-ஐத் தாண்டினால் முதல் மூன்றும் கடைசி மூன்றும் மட்டும் நிற்கும். நடுவில் மூன்று புள்ளிகள். மீதி 8,754 அளவுகளும் போயின, ஓர் எச்சரிக்கைகூட வராது. இப்படி ஒரு கோப்பை நான் திறந்து பார்த்த நாளில் வயிறு எரிந்தது. அனுப்பும் இடத்திலேயே, அணியைப் பைத்தான் பட்டியலாக்கும் டூலிஸ்ட், தனி எண்ணைப் பைத்தான் எண்ணாக்கும் ஐட்டம் கொண்டு நீங்களே மாற்றுங்கள்.

பாம்பன் வலை:
சோதித்தேன் அக்கா, மூன்று புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. எஸ்டிஆரை எடுத்துவிட்டேன். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் கையால் மாற்றுவதை ஏற்க மாட்டேன். ஓரிடத்தில் மறந்தால் மறுபடி நிற்கும். டம்ப்ஸுக்குத் தெரியாத வகைகளைத் தன் டிஃபால்ட்டில் மாற்றித்தரும் ஒரே என்கோடர் வகுப்பு எழுதுகிறேன்: முழு எண் இன்ட் ஆகட்டும், தசமம் ஃப்ளோட் ஆகட்டும், அணி பட்டியலாகட்டும்.

தொண்டிக் கரை:
ஜேசனே எதற்கு? நம்பையின் சொந்தக் கோப்பு வடிவத்தில் வகையும் துல்லியமும் மாறாதே.

பாம்பன் வலை:
கைபேசி உலாவி அதை நேரடியாகப் படிக்காது ஐயா.

மண்டபம் அலை:
என்கோடர் இருக்கட்டும். ஆனால் எல்லாம் அதன் வழியாகப் போவதில்லை. சாவியும் மதிப்புமாகத் தரவை வைக்கும் பைத்தான் அகராதியின் சாவி இன்ட்64 ஆக இருந்தால் டிஃபால்ட் அழைக்கப்படாது, நிரல் நிற்கும். நின்றால் தெரிந்துவிடும், பரவாயில்லை. நான் அஞ்சுவது, காலிக் கட்டங்களில் நிற்கும், ‘எண் அல்ல’ என்று பொருள்படும் நேனுக்கு. நேனைத் தாங்கும் நம்பையின் தசம வகையான ஃப்ளோட்64, பைத்தான் ஃப்ளோட்டின் வாரிசு. டிஃபால்ட்டைத் தொடாமலே வெளியேறிவிடும். டூலிஸ்ட் தரும் பட்டியலுக்குள்ளும் அப்படியே. பைத்தான் நேன் என்றே எழுதிவிடும். 2017-இல் வெளிவந்த ஜேசன் தரநிலையான ஆர்எஃப்சி 8259 அதை அனுமதிக்கவில்லை. உலாவி முழுக் கோப்பையும் மறுத்துவிடும்.

பாம்பன் வலை:
நேனை எல்லாம் 0 ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

மண்டபம் அலை:
கூடவே கூடாது! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்கே போவதில்லை. அங்கே 0 கிலோ என்று எழுதினால், வலை வீசி வெறுங்கையோடு திரும்பிய நாளும் படகைக் கட்டிப்போட்ட நாளும் ஒன்றாகிவிடும். சராசரி சரியும். அந்த வரைபடத்தைப் பார்ப்பவர் இந்தக் கடலில் நண்டு அற்றுப்போகிறது என்றுதான் நினைப்பார். நல் என்ற வெற்று மதிப்புதான் அங்கே போக வேண்டும். எந்த வெற்றிடம் எதைக் குறிக்கிறது என்று என்கோடருக்கு எப்படித் தெரியும்? கையால் மாற்றச் சொல்வது அதற்காகத்தான். நேனை அனுமதிக்கலாமா என்று டம்ப்ஸுக்குச் சொல்லும் அலோநேனை ‘ஃபால்ஸ்’ (கூடாது) என்று வைத்து ஓட்டிப் பாருங்கள்.

கீழக்கரை முத்து:
வெப்பம் துல்லியம் குறைந்த தசம வகையான ஃப்ளோட்32-இல் இருந்தால் 27.1 என்பது ஃப்ளோட் ஆனதும் 27.100000381469727 என்று வரும். பிழையில்லை, ஒரு தசம இடத்துக்குச் சுருக்கி அனுப்புங்கள்.

பாம்பன் வலை:
சுருக்கிவிட்டேன். அலோநேனையும் வைத்தேன், உடனே நின்றது. தடைக்கால நாள்களை நல் ஆக்கிய பிறகும் நின்றது. தேடினால், தடைக்காலத்துக்கு வெளியே ஒரு நாளில் நண்டுக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அன்று நண்டே வரவில்லையா, எழுத மறந்தாரா? என்கோடரை நான் விடவில்லை அக்கா. ஆனால் குறிப்பேடு எழுதும் அண்ணனை நாளைக் காலை ஏலக்கூடத்தில் பார்த்துக் கேட்ட பிறகுதான் அந்தக் கட்டத்தைத் தொடுவேன்.