வட்டார முன்னுரிமைகளைச் சரிபார்க்க உங்கள் உதவி தேவை

அன்புடையீர், யாழ்ப்பாண மாநகர சபைக்கு எங்கள் வட்டாரத்தில் போட்டியிடவிருக்கும் நான், துண்டுப்பிரசுரத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன்னர் உங்கள் உதவியை நாடுகிறேன். 1949 இல் மாநகர சபையாகத் தரமுயர்ந்த இந்நகரில் மாடிக் கட்டடங்கள் பெருகினாலும், எங்கள் கிணறுகள் இன்றும் சுண்ணாம்புக்கல்லினுள் தேங்கியுள்ள நன்னீரையே நம்பியிருக்கின்றன. மலசலகூடக் குழிகளின் கசிவும் தோட்ட உரங்களும் அந்நீரில், அளவு மீறினால் உடல்நலத்துக்குக் கேடான நைத்திரேற்றைக் கூட்டுவதால், கழிவுநீர் அகற்றலையே முதலாவதாக வைத்திருக்கிறேன். தெருவிளக்கைப் பற்றி எல்லா வேட்பாளரும் பேசுவார்கள் (அதுவும் வேண்டியதே). மாரியில் வெள்ளம் தேங்கும் ஒழுங்கைகள், தூர்ந்த வாய்க்கால்கள், நிரவப்பட்ட குளங்கள் எவையென்பதையும், கார்த்திகை மழையில் எத்தனை நாள் நீர் வடியாமல் நின்றதென்பதையும் அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கிணற்று நீரைப் பரிசோதித்த அறிக்கை எவரிடமேனும் இருப்பின், அதன் படம் பெரிதும் உதவும்.