இ.எஸ்.டி. ஜாஸ் மூவர்: யார் யார் எப்படிக் கேட்டீர்கள்?

கீழக்கரையிலிருந்து:

இ.எஸ்.டி., அதாவது எஸ்பியோர்ன் ஸ்வென்சன் ட்ரியோ பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் ஸ்வென்சனின் சாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதுதான் எனக்கு எரிச்சல்.

சுவீடன்காரர்கள். எஸ்பியோர்ன் ஸ்வென்சன் பியானோ, டான் பெர்க்லுண்ட் பேஸ் (ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் தந்தி வாத்தியம்), மேக்னஸ் ஓஸ்ட்ரோம் டிரம்ஸ். முதல் ஆல்பம் 1993-ல். 2006-ல் அமெரிக்காவின் ஜாஸ் பத்திரிகையான டவுன்பீட் இவர்களை அட்டையில் போட்டது. ஐரோப்பிய ஜாஸ் குழு ஒன்றுக்கு அது முதல் தடவை. 2008 ஜூன் 14 அன்று ஸ்டாக்ஹோம் பக்கத்துக் கடலில் ஸ்கூபா டைவிங் போன இடத்தில் ஸ்வென்சன் இறந்துபோனார். வயது 44.

எங்கள் மாமா சங்கு குளித்தவர். சிலிண்டரெல்லாம் கிடையாது. முகத்தில் கண்ணாடி, காலில் தட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். கச்சான் காற்றில் தண்ணீர் கலங்கித் தொழில் இல்லாத ஒரு நாளில் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "எத்தனை பாகம் ஆழம்? பக்கத்துல ஆளு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஆள் இருந்தார்கள் மாமா என்றேன். உச்சுக்கொட்டினார்.

அப்புறம் 'லூகோசைட்' ஆல்பத்தைப் போட்டேன். அவர் இறந்த பிறகு வெளிவந்தது என்பதால் பலரும் அதை ஒப்பாரி மாதிரி உருகிக் கேட்கிறார்கள். ஆனால் அது பதிவானது 2007 ஜனவரியில், சிட்னியில். சுற்றுப்பயணத்துக்கு நடுவே ஸ்டுடியோவில் புகுந்து, எழுதி வைக்காமல் வாசிக்க வாசிக்க வந்ததைப் பிடித்தது. பேஸில் வில்லைப் போட்டு இழுத்து, ஒலியை எலெக்ட்ரிக் கிதார் போலக் கரகரக்க வைக்கிறார் பெர்க்லுண்ட். கொஞ்ச நேரம் கேட்ட மாமா சொன்னார்: "இவரா செத்தவரு? வம்புல்ல இழுக்குறாரு!"

அவ்வளவுதான் நான் சொல்ல வந்ததும். அதே பதிவில் மீதி இருந்தது 2012-ல் '301' என்று வந்தது. அதையும் கேளுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து:

நான் கோவில் திருவிழாக்களில் டிரம்ஸ் வாசிக்கிறவன். எனக்கு 1999-ல் வந்த 'ஃப்ரம் ககாரின்ஸ் பாயிண்ட் ஆஃப் வியூ'தான் வாசல். அதில் 'டாட்ஜ் த டோடோ' கேளுங்கள். ஓஸ்ட்ரோம் ஓட்டும் தாளம் ஜாஸ் கச்சேரியில் வருவதில்லை, டான்ஸ் கிளப்பில் வருவது. ஸ்வென்சனும் இவரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். ஒருவர் இடம் விட்டால் இன்னொருவர் கேட்காமலே நிரப்புவது அங்கிருந்து வந்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவருக்கு இடம் விடவே தெரியாது, அது வேறு கதை.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்று: 'செவன் டேஸ் ஆஃப் ஃபாலிங்' (2003) கடைசிப் பாட்டு முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். பொறுத்திருந்தால் அட்டையில் போடாத ஒரு பாட்டு வரும், அதுவும் ஆள் பாடுவது.

தொண்டியிலிருந்து:

இருவருக்கும் ஒரு சேதி. ஸ்வென்சன் 2008-ல் வீட்டில் தனியாக வாசித்துப் பதிந்து வைத்தவை அவர் மனைவி மூலம் கிடைத்து, 2022-ல் 'ஹோம்.எஸ்.' என்று வந்திருக்கிறது. ஒன்பது துண்டுகள், பெயர்கள் கிரேக்க எழுத்துகள். அருமைதான், ஆனாலும் மூவரும் மோதிக்கொள்ளும் சூடு அதில் எப்படி வரும்? அந்தச் சூடு வேண்டுமென்றால் பெர்க்லுண்டும் ஓஸ்ட்ரோமும் நார்வேக்காரர் புகே வெசெல்டோஃப்டுடன் சேர்ந்த 'ரிம்டென்' குழுவைத் தேடுங்கள். 2019 ஆல்பத்தைப் பாதிவரை கேட்டிருக்கிறேன். முழுதாகக் கேட்டவர்கள் எழுதுங்களேன்.